சம்பந்தி அம்மாளுக்கு ஒரு மனு

என் மகள் தாயாகப் போகிறாள் என்ற செய்தி போர்த்துகலிலிருந்து வந்த அன்று என் மனைவி இரண்டு காரியங்கள் செய்தாள். முதலில் அழுதாள். பிறகு நாட்காட்டியை எடுத்து ஏழாம் மாதம் எப்போது வருகிறது என்று எண்ணினாள். எண்ணி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "சம்பந்தி அம்மாகிட்ட முறையா கேட்டு இட்டுகினு வரணும்ங்க. தலைப்பிரசவம் நம்ம வூட்லதான்" என்றாள்.

அவள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சேத்துப்பட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் இப்போது மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆண்களில் பாதிப்பேர் அவள் கையில் முதல் அழுகை அழுதவர்கள். "ஊர்ல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் நான் பாத்தேன். எம் பொண்ணுக்கு யாரோ பாக்கறதா?" என்றாள். இதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்ததில்லை. மகள் எங்கள் வீட்டில் இரண்டு மூன்று மாதம் இருப்பாள் என்ற நினைப்பே எனக்கும் இனித்தது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. "அதுதான் நடைமுறை" என்று மட்டும் சொன்னேன். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன், ஆசையைக்கூட விதியின் பெயரில்தான் வெளியிடுவான்.

சிக்கல் சம்பந்தி அம்மாள்தான். திருமணம் அங்கேயே பதிவு அலுவலகத்தில் நடந்தது. அவரை ஏழெட்டு முறை கைப்பேசித் திரையில் பார்த்ததோடு சரி. நாங்கள் கை கூப்புவோம், அவர் கை அசைப்பார், எல்லோரும் சிரிப்போம். அவருக்குத் தெரிந்த ஒரே மொழி போர்த்துகீசியம். மாப்பிள்ளை ஆங்கிலம் பேசுவார், அவரையே கேட்கச் சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பெண்ணை அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை தன் அம்மாவிடமே கேட்பது முறையில்லை. மகளை மொழிபெயர்க்கச் சொன்னால்? "அவளே அவளுக்கு லீவு கேக்கறாப்பல இருக்கும்" என்றாள் மனைவி. நான் ஒரு படி மேலே போய், மனுவால் பயனடைபவர் அந்த மனுவை மொழிபெயர்க்கக் கூடாது என்றேன். அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. ஆனால் அந்தக் குரலில் சொன்னால் நான் வேலை பார்த்த வெம்பாக்கம் தாலுகாவில் எல்லோரும் நம்புவார்கள்.

முதலில் கைப்பேசியிடம் மொழிபெயர்க்கச் சொன்னேன். தலைப்பிரசவம் என்று தட்டினேன். வந்த வாக்கியத்தைத் திருப்பித் தமிழில் கேட்டால், தலை முதலில் வெளிவரும் பிரசவம் என்றது. மனைவியிடம் காட்டினேன். "கரெக்டுதானே, தலைதான் ஃபர்ஸ்டு வரணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆகவே கற்பது என்று முடிவெடுத்தேன். நான்கு மாத அவகாசம். ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்ற மருத்துவச் சான்று, அதற்கு ஒரு படிவம், அதற்கு ஒரு கையெழுத்து. அதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓர் இலக்கணப் புத்தகத்தை எங்கள் ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டேன். வாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் பாடம். ஆசிரியை என் மகள் வயதுப் பெண், போர்த்துகலின் ஏதோ ஒரு கடற்கரை ஊரிலிருந்து பேசுவாள்.

முதல் வாரத்திலேயே எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல், வராந்தா, ஏலம், கடுதாசி: எல்லாம் அவர்கள் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன சொற்கள். அப்படியென்றால் முப்பத்துநான்கு வருடம் நான் போர்த்துகீசியத்தில்தான் வேலை பார்த்திருக்கிறேன். போர்த்துகீசிய மேசையில் உட்கார்ந்து, போர்த்துகீசிய அலமாரியில் கோப்பைப் பூட்டி, போர்த்துகீசியச் சாவியைத் தொலைத்துவிட்டு, மனுதாரரைப் போர்த்துகீசிய வராந்தாவில் நிற்க வைத்தேன். இத்தனையும் கைவசம் இருக்க, மீதிக்கு நான்கு மாதம் எதற்கு என்றுகூடத் தோன்றியது.

இரண்டாம் வாரம் தலைக்கனம் இறங்கியது. நமக்கு 'இரு' என்று ஒரு சொல் போதும். அவர்களுக்கு 'செர்', 'எஷ்தார்' என்று இரண்டு. இயல்பாக, நிலையாக இருப்பதற்கு ஒன்று, அப்போதைக்கு இருப்பதற்கு இன்னொன்று. புரியாமல் போக நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா? நிரந்தரப் பணியிடம், தற்காலிகப் பணியிடம். இதை வைத்துத்தானே நானும் சம்பளம் வாங்கினேன் என்று நினைத்தேன். பிறகு ஆசிரியை சொன்னாள், ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு 'எஷ்தார்' போட வேண்டும் என்று. செத்துப்போவது தற்காலிகமா என்று கேட்டேன். "கேள்வி நல்ல கேள்வி. ஆனாலும் எஷ்தார்தான்" என்றாள். இந்தப் பதிலை நானும் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மரியாதை விஷயத்தில் அவர்கள் நம்மையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். நெருக்கமானவருக்கு ஒரு 'நீ'. நடுத்தரமாக இன்னொன்று, அதைத் தப்பான ஆளிடம் போட்டால் முகம் சுளிப்பார்கள். பெரியவர்களை 'அம்மா என்ன சாப்பிடுகிறார்?' என்று எதிரில் இருப்பவரையே இல்லாதவர் போலக் கேட்க வேண்டும். ஆட்சியர் ஆய்வுக்கு வந்தால் நாங்களும் 'ஐயா காபி சாப்பிடறாங்களா?' என்று ஐயாவின் முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள்தான். இதைவிட நயம், அவர்கள் ஒரு பொருளைக் கேட்கும் விதம். 'எனக்கு வேண்டும்' என்றால் முரட்டுத்தனம். 'கெரீயா' என்று இறந்த காலத்தில் கேட்க வேண்டும்; எனக்கு வேண்டியிருந்தது என்பது போல. அதாவது, அந்த ஆசை எனக்கு எப்போதோ இருந்தது, இப்போது நீங்கள் இல்லை என்றாலும் குற்றமில்லை. கையில் காபிக் கோப்பை வரும் வரை இறந்த காலத்திலேயே நிற்பார்கள்.

எனக்கு உண்மையில் பிடித்தது ஒன்றே ஒன்று. இன்னும் நடக்காத, நடந்தாலும் நடக்கலாம் என்கிற காரியத்துக்கென்று அவர்கள் ஒரு தனி வினைவடிவம் வைத்திருக்கிறார்கள். 'ஸ எலா வியேர்': அவள் வரும் பட்சத்தில். நம் அரசாணைகளில் மட்டும் உயிர் வாழும் அந்தப் 'பட்சத்தில்', அங்கே கடைத்தெருவில் புழங்குகிறது. அந்த ஒரு வாக்கியத்தைத் தினமும் சொல்லிப் பார்த்தேன். பயிற்சிக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் விசைத்தறி. நான் காலையில் வினைச்சொற்களை ஆறு வடிவத்திலும் சத்தமாகச் சொல்லும்போது தறியும் ஓடும். ஒரு மாதத்தில் தறிக்காரர் என்னைவிட வேகமாக ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"சார், இன்னா இன்னிக்கி மூணாவதுலயே நிக்கறீங்க? நேத்து ஆறும் சொன்னீங்களே."

"உங்க தறி சத்தத்துல மறந்துபோச்சுங்க."

"தறி மேல போடாதீங்க சார். எனக்கே ஞாபகம் கீது. எங்க வூட்டம்மா பூ வாங்கறப்ப கூட அதையே மொணகிகினு இருக்குது."

படிக்க ஆரம்பித்த மூன்றாம் மாத முடிவில் மனு தயாரானது. பதினைந்து வாக்கியங்கள். ஆசிரியையிடம் படித்துக் காட்டினேன். முடித்ததும், "இது எந்த அமைச்சகத்துக்கு?" என்று கேட்டாள். என் சம்பந்திக்கு என்றேன். 'மேற்படி கர்ப்பிணி' என்ற பொருள்பட நான் எழுதியிருந்ததை எடுத்துவிட்டாள். 'தங்கள் மேலான இசைவை வேண்டி' என்பதைச் சுருக்கினாள். பெண்ணை அனுப்பக் கேட்கும் பத்தாவது வாக்கியத்தில் நின்று, "இதை ஏன் மாமியாரிடம் கேட்கிறீர்கள்?" என்றாள். எங்கள் ஊர் முறை என்றேன். "பொய்ஷ்" என்றாள். அது அவர்களுடைய சர்வரோக நிவாரணி. சரி, அப்படியா, பார்க்கலாம், உன் தலையெழுத்து, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். சொல்லிவிட்டு ஒரு வினைச்சொல்லின் விகுதியைத் திருத்தினாள்.

முறை எனக்குப் புதிதல்ல. மாமனார் முள்ளிப்பட்டிலிருந்து பழத்தட்டோடு வந்து என் அம்மாவிடம் பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்பக் கேட்டபோது, நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா அவரை மூன்று முறை அலைய விட்டாள். முதல் முறை நாள் சரியில்லை. இரண்டாம் முறை வீட்டில் ஆளில்லை. மூன்றாம் முறை, போனால் போகிறது என்று தலையசைத்தாள். நான் பின்னாளில் அலுவலகத்தில் கடைப்பிடித்த பல நடைமுறைகளுக்கு அதுதான் பயிற்சி வகுப்பு. இந்த மூன்று முறையும் என் மனைவி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

மகளுக்கு ஆறாம் மாதம். ஒரு ஞாயிறு மாலை நான்கரை மணி, அங்கே நண்பகல். தறிக்காரரிடம் அரை மணி நேரம் தறியை நிறுத்தச் சொல்லியிருந்தேன். "போர்ச்சுகல் கவர்மெண்டே வெயிட்டிங்கா சார்?" என்று நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. கைப்பேசிக்கு முன்னால் மனைவி தாம்பாளம் வைத்தாள். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், பூ, சம்பந்தி அம்மாளுக்கு என்று எடுத்த மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை. தட்டு திரையில் முழுதாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு புத்தகம் கொடுத்து உயர்த்தினாள். அதில் ஒன்று என் இலக்கணப் புத்தகம்.

சம்பந்தி அம்மாள் திரையில் வந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்த பார்வையிலேயே கவுண்டர் அனுபவம் தெரிந்தது. நான் இறந்த காலத்தில் ஆரம்பித்தேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "பொய்ஷ்" என்றார். ஆறாவது வாக்கியத்தில் புன்னகைத்தார். உயிரெழுத்துகளை அவர்கள் விழுங்குவதுபோல நானும் முடிந்தவரை விழுங்கினேன். பத்தாவது வாக்கியத்தை, அதாவது மனுவின் உயிரை, பிசகில்லாமல் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இஸ்ஸு நாவ்ங் எ குமீகு" என்றார். "எ கோங் எலா."

அது என் விஷயமில்லை, அவளுடைய விஷயம். நான்கு மாதத்தில், திரும்பக் கேட்காமல், வார்த்தைக்கு வார்த்தை எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான். எத்தனை ஆயிரம் பேருக்கு நான் சொன்னது. இது என் செக்‌ஷன் இல்லை, பக்கத்து மேசைக்குப் போங்க.

பிறகு அவர் கைப்பேசியை அப்படியே திருப்பினார். பக்கத்து சோபாவில் என் மகள் கால் நீட்டிப் படுத்திருந்தாள். வயிற்றின் மேல் ஒரு தட்டில் ஆரஞ்சுச் சுளைகள்.

"இவ்ளோ நேரம் நான் இங்கதான்பா இருந்தேன்" என்றாள்.

என்னிடம் போர்த்துகீசியத்தில் இன்னும் ஐந்து வாக்கியங்கள் மீதியிருந்தன. தமிழில் ஒன்றும் இல்லை.

"கேளுங்க" என்றாள்.

"வரியாம்மா?"

"இல்லப்பா. டாக்டரு, அவரோட லீவு, எல்லாம் இங்க பேசி முடிச்சிட்டேன். ரெண்டு மாசமா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிகினே இருந்தேன். நீங்க ஒரு தடவ கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

நான் தட்டில் இருந்த பாக்கை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தேன். பக்கத்து வீட்டில் தறி இல்லாத அமைதி. சத்தம் தேவைப்படும் சமயத்தில் பார்த்து அந்த ஆள் வாக்குத் தவறாமல் இருந்தார்.

மனைவி தாம்பாளத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் வரட்டுமாடி?"

மகள் ஆரஞ்சுத் தட்டைக் கீழே வைத்தாள். குரல் மாறியிருந்தது. "வாம்மா. நானே கேக்கணும்னு இருந்தேன். அப்பாவக் கேட்டியா?"

"அவர எதுக்குக் கேக்கணும்?" என்றாள் மனைவி.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இல்லாதவரைப் போல என்னைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அது மரியாதைக்காக இல்லை. "ரெண்டு பேரா வரலாமே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இங்க ஒரு ரூமுதான்பா" என்றாள் மகள். அது மட்டுமே காரணமா என்று நான் துருவவில்லை.

விசா மனுவை நான்தான் நிரப்பினேன். அழைப்புக் கடிதம், காப்பீடு, ஓய்வூதியச் சான்று எல்லாம் ஒரு தாள் குறையாமல் சேர்த்தேன். ஒருவர் பயணத்துக்கு மட்டும். வீட்டில் போர்த்துகீசியம் தெரிந்தவன் ஆரணியிலும், தெரியாதவள் போர்த்துகலிலும் இருப்பது என்று ஏற்பாடாயிற்று.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் ஒரு தாளும் பேனாவுமாக வந்தாள்.

"முக்குன்னு எப்படிச் சொல்வாங்க அங்க? மூச்ச வுடு, போதும் நிறுத்து, இதுவும் வேணும்."

புத்தகத்தைப் புரட்டினேன். இருநூற்றுப் பதினோரு பக்கங்களில் விமான நிலையம் இருந்தது, மீன் கடை இருந்தது, தபால் அலுவலகமும் இருந்தது. யாரும் பிறக்கவில்லை. கடைசியில் ஆசிரியையைக் கேட்டு மூன்று சொல்லையும் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஃபோர்ஸா. ரெஷ்பீர. பாரா. அவள் அவற்றை அடுக்களையில், சுகாதார நிலையத்துக் குரலில் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தறி ஒரு நொடி நின்றது போலிருந்தது.

"பிரசவ அறைக்குள்ள உன்ன வுடமாட்டாங்க" என்றேன். "அங்கெல்லாம் ரூல் இருக்கும். முன்கூட்டி எழுதிக் கேக்கணும்."

"கேக்கறேன்."

"யார?"

"எம் பொண்ணத்தான்" என்று தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.