அட்டிகைக்கு அரக்கு முத்திரை

அரசு ஊழியருக்குப் பரம்பரை நகை வந்தால் துறைக்குத் தகவல் சொன்னால் போதும் என்பது விதி. எனக்கு அது மனப்பாடம். ஆனாலும், அம்மா ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் கொண்டுவந்த அட்டிகை என் கைக்கு வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அனுமதி கேட்டு எழுதிவிட்டேன். அனுமதி கேட்டவன் அது வரும்வரை பொருளைத் தொடக்கூடாது. எனவே அட்டிகையைக் காக்கி உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தேன்.

பதில் வரவில்லை. நான் ஓய்வு பெற்றேன். மூத்த மகளின் கல்யாணமும் வந்துவிட்டது.

"அத்தையோட அட்டிகை இல்லாம எம்மக மணையில உக்கார மாட்டா," என்றாள் மனைவி.

"முத்திரையை உடைக்கக் கூடாது."

"டீக் ஹை. உடைக்கல."

முகூர்த்தத்தன்று மகள் கழுத்தில் காக்கி உறையோடு வந்து மணையில் உட்கார்ந்தாள். மனைவி அதன் இரு மூலைகளிலும் துளையிட்டு, கோப்பு கட்டும் சிவப்பு நாடாவைக் கோத்திருந்தாள். முத்திரைக்குச் சேதமில்லை. ஆட்சேபிக்க எனக்கு எந்த விதியும் கிடைக்கவில்லை.

மதுரையிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் உறையையே பார்த்தார்.

"இது என்னங்க சம்பந்தி?"

"எங்க தீவு வழக்கம்ங்க. பொண்ண முத்திரை போட்டுத்தான் மெயின்லேண்டுக்கு அனுப்புவோம்," என்றாள் மனைவி, இமைக்காமல்.

அவர் பயபக்தியோடு உறைக்குக் குங்குமம் வைத்தார்.

அந்தக் கல்யாண வீடியோவைப் பார்த்திருந்த இளைய மகளின் மாப்பிள்ளை வீட்டார், நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும் முன்பே கேட்டார்கள்: "எங்களுக்கும் அந்த உறை உண்டுல்ல?"

அனுமதி தேவையில்லை என்று துறையின் பதில் வந்து சேர்ந்தது அன்றுதான்.