பாபநாசத்திலிருந்து கடாரத்துக்கு: முதல் ஆறு நாள் வாய் திறக்காமல் நடந்த கதை

இந்தத் தை மாதம் ஆறு நாள் நடந்தேன். பாபநாசத்தில் தொடங்கி தாமிரபரணிக் கரையோடு கொற்கை வரை, திட்டப்படி 108 கிலோமீட்டர். நடந்தேன் என்பதைவிட, ஒருவர் நடக்க நான் இருநூறு மீட்டர் பின்னால் போனேன் என்பதே சரி. அதுவும் வாயைத் திறக்காமல். பாளையங்கோட்டையில் பூகோள வாத்தியாராக இருபத்தொரு வருடம் தொண்டை வற்றக் கத்தியவனுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று என் மனைவியைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நடைப்பாதைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். பழைய காலத்தில் முத்தும் மிளகும் கப்பலேறிப் போன ஊர்களை மூன்று நாடுகளில் கால்நடையாகவே இணைக்க வேண்டும். பாபநாசம், கொற்கை, அங்கிருந்து இலங்கையில் மன்னார், அனுராதபுரம், திருகோணமலை, கடைசியில் மலேசியாவில் கெடா. நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்கிற அதே கெடாதான். மொத்தம் நாற்பத்தொரு நாள் நடை. நடுவில் வரும் கடலை விமானத்தில்தான் தாண்ட வேண்டும், அதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சிக்கல் தொடக்கப் புள்ளியில் வந்தது. மன்னாரில் இருக்கும் நண்பர் சவரிமுத்து ஒவ்வொரு வாரமும் தொலைபேசிக் கூட்டத்தில் ஒரே பாட்டைப் பாடினார். "எங்கட மன்னாரில இருந்து தொடங்கினா ஒரு கிழமை மிச்சம்தானே?" ஒரு வாரம் மிச்சம் என்பது அவர் கணக்கு. நான் விடவில்லை. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கரையோரம் நடந்தே தீர்த்திருக்கிறேன், பதினான்கு பக்கத்துக்கு வழிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். கடைசியில் ஒரு சோதனைக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டோம். ஒரு நாட்டுப் பகுதியை இன்னொரு நாட்டுக்காரர் குறிப்பை மட்டும் வைத்து நடந்து பார்க்க வேண்டும். வழிப்போக்கர்களிடம் கேட்கலாம். எழுதியவர் பின்னால் வரலாம், நடக்கும்போது ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. மாலை ஆறு மணிக்குள் தங்குமிடம் சேராவிட்டால் ஒரு பிழை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வழி தப்பினால் ஒரு பிழை. குறிப்பில் சொன்னது சொன்ன இடத்தில் இல்லாவிட்டாலும் பிழை. மூன்று பிழை விழுந்தால் அந்தப் பகுதி பாதையிலிருந்து நீக்கப்படும். அதாவது என் ஆறு போய்விடும், மன்னார் முதலாகிவிடும்.

சோதிக்க வந்தவர் தேவகி. கெடா மாநிலம் சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்தவர், ஐம்பத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற செவிலியர். அவர் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்பார்கள். அதனால் தினமும் காலையில் "சார், பசியாறிட்டீங்களா?" என்பார், நான் "ஆச்சும்மா" என்பேன், அதோடு எங்கள் பேச்சு மாலை வரை முடிந்துவிடும்.

முதல் நாள் காலை 6.15க்குப் பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுக் கிளம்பினோம். கல்லிடைக்குறிச்சி வரை 13 கிலோமீட்டர், பிற்பகல் ஒன்றுக்கெல்லாம் போயாயிற்று. இருபுறமும் பிசானப் பருவ நெற்பயிர் பச்சைப்பசேலென்று நின்றது, வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கூடவே வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இரண்டாம் நாள் அது கொஞ்சம் அடங்கியது. கல்லிடையிலிருந்து பத்தமடை 20 கிலோமீட்டர். சேரன்மகாதேவிப் பகுதிக்கு நான் எழுதியிருந்த குறிப்பு இவ்வளவுதான்: "ஆற்றில் குளித்துவிட்டுச் செல்லவும்." தேவகி சொன்னபடி செய்யும் பெண்மணி. மூன்று மணிக்கு ஆற்றில் இறங்கினார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் மேலே ஒரு மருதமர நிழலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எக்கா, திருச்செந்தூருக்கா நடக்கிய?"

தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக ஊர் ஊராக மக்கள் திருச்செந்தூருக்கு நடக்கும் நேரம் அது. தேவகியின் சட்டையும் பச்சைதான்.

"இல்ல, மலேசியாவுக்கு."

"நடந்தா?"

"நடுவுல கொஞ்சம் கடல் இருக்கு."

"அப்பம் இன்னொரு முங்கு போட்டுட்டுப் போங்கக்கா. அங்கன நல்ல தண்ணி கெடைக்குமோ என்னமோ."

இன்னொரு முங்கு, அதற்கப்புறம் இன்னும் நாலு முங்கு, அப்புறம் யாரோ கொடுத்த புளியோதரை. பத்தமடை போய்ச் சேரும்போது மணி 6.25. தேவகி குறிப்பேட்டைத் திறந்து நிதானமாக எழுதினார்: "குளியலுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை." முதல் பிழை. தாமிரபரணியில் ஒரு மனுஷி அரைமணி நேரத்தில் கரையேறுவாள் என்று நினைத்தது என் தப்புதான்.

மூன்றாம் நாள் பத்தமடையிலிருந்து திருநெல்வேலி, 19 கிலோமீட்டர். நான்காம் நாள் சீவலப்பேரி, 17. இரண்டு நாளும் ஒரு குறையும் இல்லை. வழியெல்லாம் வண்டிக்காரர்கள் நிறுத்தி ஏறச் சொன்னார்கள், தேவகி எண்ணிக்கொண்டே வந்தார், இருபத்து மூன்று பேர். நெல்லைக்காரனுக்கு ஒருவர் சும்மா நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வராது.

ஐந்தாம் நாள் வந்தது வினை. சீவலப்பேரியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் 19 கிலோமீட்டர். காலை ஆறுக்குப் புறப்பட்டோம். ஏழாவது கிலோமீட்டரில் "ஆலமரத்து விலக்கில் வலப்பக்கம் திரும்பி ஆற்றங்கரைக்கு வரவும்" என்று எழுதியிருந்தேன். தேவகி இரண்டு பக்கமும் பார்த்தபடி போனார். திரும்பாமல் நேரே போய்க்கொண்டே இருந்தார். விலக்கில் வந்து நின்றபோதுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். அங்கே ஆலமரம் இல்லை. பதினாறு வருடமாக அந்த இடத்தை ஆலமரத்து விலக்கு என்று சொல்லி, அங்கே பஸ் ஏறி, அங்கே ஆட்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். மரம் இல்லையென்று ஒருநாளும் என் கண்ணில் படவில்லை.

கூப்பிடவும் முடியாது. நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில் அவர் உட்கார்ந்தார். நான் எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் நின்றேன். கடைக்கார அண்ணாச்சி அவருக்கு டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"யாருவே நீரு? அந்தம்மா நின்னா நிக்கீரு, நடந்தா நடக்கீரு. வளைவுல வரும்போதே பாத்துட்டேன். என்ன சங்கதி?"

எனக்குப் பதற்றத்தில் விதிதான் நினைவுக்கு வந்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அது நல்ல யோசனை இல்லை.

"ஏலே, இங்கன வாங்கலே!" என்று கடையில் இருந்த மூன்று பேரைக் கூப்பிட்டார். நான் மெல்லிய குரலில், "அண்ணாச்சி, நான் வாத்தியாரு" என்றேன்.

"எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாருவே ரோட்டுல பொம்பளைக்குப் பின்னால ஒளிஞ்சு ஒளிஞ்சு வாராரு?"

தேவகி சிரித்த சிரிப்பில் டீ பாதி கீழே போனது. "அண்ணே, அவரு என்கூட வந்தவருதான். பேசக்கூடாது, அவ்வளவுதான்."

அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "புருசன் பொண்டாட்டி சண்டையாம்மா? எதுன்னாலும் பேசித் தீத்துக்கிடுங்க. பாவம், மூஞ்சி வாடிப்போயி நிக்காரு பாரு."

அதை விளக்கி முடிக்கவே பத்து நிமிடம் ஆனது. அதன் பிறகுதான் தேவகி வழி கேட்டார்.

"ஆலமரத்து வெலக்கா? அதத் தாண்டி நாலு கிலோமீட்டர் வந்துட்டியளே!"

"அங்க மரமே இல்லையே அண்ணே."

"மரம் எப்படி இருக்கும்? ரோடு அகலமாக்கும்போதே வெட்டிட்டாவல்லா."

"அப்புறம் ஏன் இன்னும் ஆலமரத்து விலக்குன்னு சொல்றீங்க?"

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "வேற எப்படிம்மா சொல்ல?" என்றார். கடையில் இருந்த மூன்று பேரும் ஆமாமென்று தலையாட்டினார்கள். தூரத்தில் நானும் ஆட்டினேன்.

திரும்ப நாலு கிலோமீட்டர். அன்றைக்கு மொத்தம் 27 நடந்து, 5.50க்கு ஸ்ரீவைகுண்டத்தைத் தொட்டோம். மரம் இல்லாததும் வழி தப்பியதும் சேர்ந்து ஒரே பிழையாக, இரண்டாவது குறிப்பேட்டில் ஏறியது.

கடைசி நாள் 20 கிலோமீட்டர், ஏரல் வழியாக. காலை 5.40க்குக் கிளம்பி 12.50க்குக் கொற்கையில் நின்றோம். இன்னும் ஒரு பிழை விழுந்தால் பாதை போய்விடும், ஆனால் வந்து சேர்ந்தாயிற்று என்று என் நெஞ்சு துள்ளியது. வாழைத்தோட்டம், ஒரு குளம், குளக்கரையில் சின்னக் கோயில், நாலு ஆடு. தேவகி கடைசிப் பக்கத்தை எடுத்துச் சத்தமாகவே படித்தார். "பாதை கொற்கைத் துறைமுகத்தில், கடற்கரையில் முடிகிறது." படித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

எங்கும் கடல் இல்லை. கொற்கையை விட்டுக் கடல் விலகிப்போனதை ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்புக்குப் படம் போட்டு நடத்துகிறவன் நான். பரீட்சையில் எழுதாத பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் குறைக்கிறவன். ஆனால் பெருமை தலைக்கேறி எழுத உட்கார்ந்தபோது என் மனசில் அந்தத் துறைமுகம் கப்பலோடு நின்றிருக்கிறது. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளையும் நானே ஒரு வரியில் கவிழ்த்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் தேவகி போனார். "கடல் எங்கம்மா?"

"கடலா? அது ஒதுங்கிப் போயிட்டுல்லா. புன்னக்காயலுக்குப் போகணும். முக்காணி போயி, பாலத்தத் தாண்டி, ஆத்தூர் வழியா பைய நடந்தாலும் பொழுதடைய முன்னால போயிரலாம்."

"முன்னால இங்கேயா இருந்துச்சு?"

"இருந்துச்சுன்னுதான் சொல்லுதாவ. நான் பாக்கல."

தேவகி கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. மூடிய குறிப்பேட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டும்போது அவர் நொண்ட ஆரம்பித்தார். நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, சொல்ல மனமும் இல்லை. 5.35க்குப் புன்னக்காயலில் படகுகளுக்கு நடுவே புகுந்து தண்ணீரில் இறங்கினார், முழங்கால் வரை. ஆறும் கடலும் கலக்கிற இடம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார்.

"பாபநாசத்துலேருந்து நடந்து வர்றோம்."

"ஏன், பஸ் கெடைக்கலியா?"

தேவகி என் பக்கம் திரும்பி, "இப்பப் பேசலாம் சார்" என்றார். ஆறு நாளாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் எங்கோ போய்விட்டது. "பசிக்குதும்மா" என்றேன். ஒரு வீட்டில் சுடச்சுடச் சோறும் மீன்குழம்பும் போட்டார்கள். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார், எனக்குக் காட்டவில்லை.

நடக்க நினைப்பவர்களுக்கு: தையும் மாசியும் நல்ல காலம். பங்குனிக்கு மேல் வெயில் ஆளைச் சுட்டுவிடும், ஐப்பசி கார்த்திகையில் கரை முழுக்கச் சேறு. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசத்துக்கு அதிகாலையிலேயே பஸ் உண்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தங்க ஒரு இரவுக்கு எங்களுக்கு 400 முதல் 900 ரூபாய் ஆனது. சீவலப்பேரியில் விடுதி எதையும் நம்பாமல் முன்கூட்டியே ஆள் மூலம் சொல்லி வையுங்கள். குளியலுக்குத் தனியாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். யார் பின்னாலாவது நடப்பதாக இருந்தால் பேசிக்கொண்டே நடங்கள். முக்கியமாக, உங்கள் சொந்த ஊருக்கு வழிக்குறிப்பு எழுதினால், எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு அந்நியனைப் போல ஒருமுறை நடந்து பாருங்கள். நமக்குத் தெரிந்த ஊரை நாம் பார்ப்பதே இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தேவகியின் அறிக்கை வந்தது. கூட்டத்தில் அதைச் சவரிமுத்துதான் படித்தார். குளியல், ஒரு பிழை. ஆலமரம், ஒரு பிழை. நான் தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவதைப் படிக்கும் முன் அவர் தொண்டையைச் செருமினார்.

"குறிப்பில் எழுதியிருந்த கடல் இருக்கிறது. பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கால் நனைத்துப் பார்த்துவிட்டேன், உப்புக் கரிக்கிறது. பிழை இல்லை."