வால் விட்டுப்போன சொற்கள்

என் மகளுக்கு ஒன்பது வயது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் தலையைப் படித்துவிட்டு வாலை ஊகித்துக்கொள்வாள். வந்தான், வருவாள், வரவில்லை எல்லாமே அவளுக்கு ‘வா’தான். பேச்சும் அப்படியே. வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் ‘ங்க’ போடாமல் "வா" என்று சொல்லிவிட்டு நிற்பாள். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் எருத்தேன்பதியில் அதற்கு மேல் ஒரு குற்றம் கிடையாது. வந்தவர்கள் அவளை விட்டுவிட்டு என்னை முறைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்தூரில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்தான் அது திமிர் இல்லை என்று முதலில் சொன்னார். மொழி வளர்ச்சியில் ஒரு குறைபாடாம். சொல்லின் முடிவுகள் அவள் மனதில் நிற்பதில்லையாம். "சொல்லத் துண்டு துண்டா வெட்டிக் காட்டுங்க" என்றார். நாட்காட்டித் தாளின் பின்புறம் பெரிதாக எழுதி வெட்டினேன். நட, க்கிற, து. நட, க்காத, து. மாதக்கணக்கில் காகிதம் பெருக்கியதுதான் மிச்சம்.

கணவர் பொறுமை இழந்தார். பாலக்காட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். "இன்னும் எத்தன நாளைக்குத் தாள வெட்டிட்டிருப்ப? அங்கயே சேத்திரலாம். நீ தமிழ்ல அபேக்ஷ எழுதி வையி, நான் மலையாளத்துல மாத்திக்கறேன்."

அவளைப் பிரிந்து எப்படி இருப்பேன் என்று அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சநாள் நிம்மதியாக இருக்கலாமே என்றும் தோன்றியது. பென்சிலால் அவர் கேட்ட விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினேன்: ‘என் மகள் எதையும் படிக்காதவள்.’

குக்கரை அணைத்துவிட்டு வந்தபோது அவள் அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தாள். கடைசிச் சொல்லை விரலால் மறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள்.

"படி... க்காத... வள். படிக்காதவள்!"

ஊகமே இல்லை. முழுச் சொல், வாலோடு. சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் அவள் எதைப் படித்தாள் என்பது உறைத்தது.

"இது நானாம்மா?"

அவளே ரப்பரை எடுத்துச் சொல்லின் நடுவில் மட்டும் தேய்த்தாள். ‘காத’ போயிற்று. அந்த இடத்தில் ‘கிற’ என்று கோணலாக எழுதித் தாளை என் பக்கம் தள்ளினாள்.

என் மகள் எதையும் படிக்கிறவள்.

கணவர் வந்து கேட்டபோது தாளை அப்படியே நீட்டினேன். "இத மலையாளத்துல மாத்துங்க பாக்கலாம்" என்றேன்.