சிவப்பு அட்டை, கறுப்பு போஸ்டர்

மும்பைக்கு அடுத்த கோபர்கைரனேயில் நான் வேலை பார்க்கும் இடத்தில் கைப்பேசியில் வரும் பாட்டுகளுக்குப் படம் செய்கிறோம். தீப்பெட்டி லேபிளில் பாதி அளவுதான் இருக்கும் அந்தப் படம். போன வாரம், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் முகமெல்லாம் ரத்தம் வழிய நிற்கும் பாடகனின் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். நன்றாகத்தான் செய்திருந்தான். வழக்கம்போல அதிலிருந்த நிறங்களை உருவிவிட்டு, வெறும் கறுப்பு வெள்ளையில் கொஞ்ச நேரம் பார்த்தேன். "எதுக்கு சார் எப்பவும் இப்படிப் பாக்கறீங்க? கலர்லதானே போகப்போகுது?" என்றான். பழக்கம்ப்பா என்று சொல்லிச் சமாளித்தேன். அவனுக்கு அது போதும். உங்களுக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு மாட்டுங்காவில் ஒரு மாடியறையில் பாட்டுப் பத்திரிகை ஒன்று நடந்தது. கீழே சாப்பாட்டுக் கடை. அச்சு மையும் தாளித்த கடுகும் கலந்த வாசனையில்தான் நான் முதல் சம்பளம் வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். அப்பா தாராவியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "பையன் பேப்பர்ல வேல பாக்கான்" என்பார். அவர்களும் நான் மந்திரிகளைப் பேட்டி எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் செய்துகொண்டிருந்ததோ, ரோஸ் சர்பத்தில் காப்பித்தூளைக் கலந்து ரத்தம் காய்ச்சுவது.

ஆமாம், ரத்தம். எங்கள் ஆசிரியர் ரமணி சார் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். அட்டையைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கைதான். "லோக்கல் ரயில் ஸ்டேஷன்ல நிக்கற நேரந்தான் உனக்கு டைம். அதுக்குள்ள கடையைப் பாக்கற பையனைக் கன்னத்துல பளார்னு ஒண்ணு விடணும். வலிச்சா வாங்குவான்." ஆரம்பத்தில் மைக், கிட்டார், சூரியன் மறையும் கடற்கரை என்றெல்லாம் அட்டை போட்டோம். விற்காமல் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. உடைந்த பாட்டிலைப் பல்லில் கடித்தபடி ஒருவன் முறைக்கும் அட்டை போட்டபோது ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் முஷ்டி, சங்கிலி, நாய்ப்பல், ரத்தம். படம் எடுக்கும் இடத்தில் எறும்பு மொய்த்தது என்பது தவிர எங்களுக்குக் குறையொன்றும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் எங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. பேசுவது திருநெல்வேலித் தமிழ், பாடுவது இந்தியும் தமிழும் கலந்த ராப், படித்தது மராத்தி அல்லது இந்திப் பள்ளி. உள்ளே நாங்கள் மாங்கு மாங்கென்று எழுதியதை யாரும் தொடவில்லை. அட்டையைக் கிழித்து சலூனிலும் ரிக்‌ஷாவுக்குள்ளும் ஒட்டிக்கொண்டார்கள். மிச்சம் வடாபாவ் சுற்றப் போயிற்று.

கதிர் வந்தது அப்போதுதான். எங்கள் சந்துக்குப் பக்கத்துச் சந்து. குரலில் அரம் வைத்து ராவுகிற மாதிரி பாடுவான். பாட்டெல்லாம் வெட்டு, குத்து, குடல். நேரில் கரப்பான்பூச்சிக்குப் பயப்படுவான். அப்பா அம்மா இல்லாத அவனை அண்ணன் முருகேசன்தான் வளர்த்தார். கல்யாணமாகி, தூரத்துப் புறநகரான கல்யாணுக்குக் குடிபோன பிறகும் தினமும் ரயிலேறி தாராவிக்கு வந்து தோல் பட்டறையில் பை வெட்டுகிற வேலை. காலையிலிருந்து இருட்டும்வரை குனிந்த தலை நிமிராது.

செம்பூரில் ஒரு மைதானத்தில் பாட்டுப் போட்டி நடந்தது. ஒருவரையொருவர் மாறி மாறித் திட்டிப் பாட வேண்டும். கதிருக்கு எதிராக ஸ்டீபன் என்ற பையன். அவனும் தாராவிதான், தொண்ணூறு அடி ரோட்டில் மொபைல் ரிப்பேர் கடை. தோற்றவன் கை குலுக்குவான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டீபன் சோடா பாட்டிலை எடுத்துக் கதிரின் புருவத்தில் அடித்தான். கண்ணாடி நொறுங்கும் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. கூட்டம் அதைப் பாட்டின் பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

தையல் போட்டுக்கொண்டு மறுநாள் கதிர் எங்கள் மாடிக்கு வந்தான். ஒரு கண் ஊதா நிறத்தில் வீங்கி மூடியிருந்தது. மற்றது பாதி திறந்து நெருப்பாகச் சிவந்திருந்தது. ரமணி சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தொடாதே, கழுவாதே, அப்படியே நில்லுடா!"

"சார், எங்க அண்ணனுக்குத் தெரியாது. தேடி வருவான்னு வீட்டுப் பக்கமே போவாம ஃபிரண்டு ரூம்ல கெடக்கேன்."

"தெரியட்டும்டா. பத்திரிகைல பாக்கட்டும்."

அந்த அட்டையைப் போல இன்னொன்று நான் செய்ததில்லை. முழுப் பக்கத்துக்கும் அந்த முகம். சுற்றிலும் தடித்த சிவப்புச் சட்டம். கீழே அவன் பெயர், அதற்கும் கீழே இதழ் வெளியாகும் தேதி. சிவந்த அந்தப் பாதிக் கண் பார்க்கிறவனைச் சண்டைக்கு இழுத்தது. சுவருக்கும் போஸ்டர் அடிக்கலாம் என்றார் சார். அது மட்டும் மலிவாக ஒரே நிறத்தில், கறுப்பில். அதுதான் எப்போதும் எங்கள் வழக்கம். விடிவதற்குள் தொண்ணூறு அடி ரோடு முழுக்க ஒட்டிவிட்டார்கள்.

காலையில் அம்மா மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"சின்னப் பயதாம்ப்பா. மூஞ்சிய அடிச்சுக் கொதறிப் போட்டுருக்கானுவ. பாவி மட்டைய."

"யாரம்மா?"

"ரோட்டுல பூராவும் ஒட்டிருக்கு, நீ பாக்கலியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்க பத்திரிகை போஸ்டர்ம்மா. நாந்தான் செஞ்சேன்."

"செத்தவனுக்கா?" என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால் சில மணி நேரத்துக்குள் சந்து முனையில் போஸ்டர் வந்துவிடும். கறுப்புச் சட்டம், நடுவில் முகம், பெயர், தேதி. விக்ரோலியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் சாவைத் தெரிந்துகொள்வார்கள். படிக்க வேண்டியதில்லை, அந்தச் சட்டம் போதும். எங்கள் சிவப்புச் சட்டம் சுவரில் கறுப்பாகியிருந்தது. சிவந்த கண்ணும் ஊதாக் கண்ணும் ஒரே கறுப்பில் மூழ்கி, இரண்டும் மூடிக் கிடந்தன.

முருகேசன் அண்ணன் வேலைக்கு வரும் நேரம். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கதிருக்குப் போன் அடித்தேன். ரெக்கார்டிங் அறையில் அணைத்து வைத்திருந்தான். அந்த அறைக்கு ஒரு பையனை விரட்டிவிட்டு, தோல் பட்டறைப் பக்கம் திரும்பினேன். தாமதமாகிவிட்டது. முருகேசன் அண்ணன் சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்து, முதல் சுவரிலேயே தம்பியைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற பையனிடம் "இவன அடிச்சது யாரு?" என்று கேட்டாராம். அவன் செம்பூரில் நடந்ததை நினைத்து "ஸ்டீபன்" என்றிருக்கிறான். அவர் கத்தவில்லை, அழவில்லை. பட்டறைக்குள் போய் தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாராம்.

நான் தொண்ணூறு அடி ரோட்டுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டீபனின் ரிப்பேர் கடையின் கண்ணாடி மேஜை உடைந்து கிடந்தது. தரையெல்லாம் கைப்பேசி மூடிகள். அவற்றின் மேல் ஸ்டீபன் விழுந்து கிடந்தான். தலையைக் காக்க வலது கையைத் தூக்கியிருக்கிறான். விரல்கள் இருந்த இடத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணன் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு கத்தியை மறுபடி ஓங்கினார். நானும் ஓர் ஆளும் அந்தக் கையில் தொங்கினோம். உலக்கை மாதிரி இருந்தது அந்தக் கை.

"அண்ணே, கதிர் உசுரோட இருக்கான்!"

"நீயும் இவங்கூடச் சேந்தவனாலே?" என்று என்னை உதறினார். என் பல் ஒன்று அங்கேதான் போயிற்று.

அப்போது கதிர் வந்தான். கழுத்தில் ஹெட்போன் மாட்டியபடி, மூச்சு வாங்கிக்கொண்டு. அண்ணன் அவனைப் பார்த்தார். கத்தி கீழே விழுந்தது. கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தம்பியை ஓங்கி அறைந்தார். மறுபடி, மறுபடி. தையல் பிரிந்து முகத்தில் ரத்தம் ஓடியது. கதிர் தடுக்கவே இல்லை. போலீஸ் வந்து பிடித்து இழுக்கும்வரை அண்ணன் அவனை அடித்துக்கொண்டே, "இருக்கியாலே, இருக்கியாலே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ரத்தம் சர்பத்து மாதிரி இல்லை. வெயிலில் சீக்கிரமே பழுப்பாகிவிட்டது.

எங்கள் பத்திரிகையிலேயே அதிகம் விற்ற இதழ் அதுதான். பையன்கள் கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. "அந்த மர்டர் கவர் தேதோ" என்று இந்தியில் கேட்டார்கள். ரமணி சார் ஒரு மாதம் அறைக்கு வரவில்லை. வந்ததும் மைக் படம் போட்ட அட்டையைச் செய்யச் சொன்னார். கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. அடுத்த மழைக்காலத்தில் கதவைப் பூட்டினோம். இப்போது அந்த மாடியில் கோச்சிங் கிளாஸ். ஸ்டேஷன் கடையில் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும்தான் தொங்குகின்றன. சலூன் சுவர்களில் யாரும் யாரையும் ஒட்டுவதில்லை. ஸ்டீபன் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள்.

கதிரைச் சில மாதங்களுக்கு முன்பு விக்ரோலி ஸ்டேஷனில் பார்த்தேன். டெலிவரிப் பையை முதுகில் மாட்டியிருந்தான். புருவத்தில் தழும்பு மெல்லிய கோடாக இருந்தது. பாட்டு என்னாச்சு என்று கேட்டேன்.

"ஜெயில்ல அண்ணன பாக்கப் போனேம்லே. நடுவுல கண்ணாடி, பேச ஒரு போன். 'உன் பாட்டக் கேட்டதே இல்லியே, ஒண்ணு பாடு'ன்னான். அவனுக்கு எங்க நேரம், பட்டறையிலயே கெடந்தானே."

"பாடுனியா?"

"போன காதுல வச்சுக்கிட்டு என்னென்ன பாட்டு இருக்குன்னு யோசிச்சேன். எல்லாம் வெட்டுவேன் குத்துவேன்தான். அவன்ட்ட எதப் பாட?"

டோம்பிவிலி ஃபாஸ்ட் ரயில் தடதடவென்று நிற்காமல் போயிற்று.

"நேரம் முடிஞ்சதுன்னு போன வாங்கி வச்சுட்டாங்க" என்றான்.