சிராஜ் டாக்டர் மீன் விற்ற நாள்

“நம்ம டாக்டரு பூட்டாரும்மா” என்று போனில் அழுதவள் முகத்துவாரக்குப்பத்து மீன்காரி செல்வி. வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டிலிருந்து சக டாக்டரான எனக்குத் தகவல் வருமுன்பே அவளுக்கு எட்டிவிட்டது. சுகாதார நிலையத்தில் சிராஜ் டாக்டரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு.

கொரோனா தடுப்பூசி வந்த புதிதில், பக்கவிளைவைப் பற்றி வாயே திறக்க வேண்டாம் என்றார் ஓர் அதிகாரி. போடாதவர்களுக்கு ரேஷனை நிறுத்தலாம் என்றும் சொன்னார். அப்பப்பா, சிராஜுக்கு வந்த கோபம்! “ஜுரம் வரும்னு தெரிஞ்சும் மறைச்சா, வந்த அன்னிக்கு நாமதான் சார் பொய்யன். அப்புறம் எந்த ஊசிக்கும் கை நீட்ட மாட்டாங்க” என்றார்.

குப்பத்தில் ஒருவரும் முன்வரவில்லை. செல்வி போட்டுக்கொண்டால் தெருவே போட்டுக்கொள்ளும். அவளோ இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“போட்டா இன்னா ஆவும்?”

“கை வலிக்கும். ஜுரம் அடிக்கலாம்” என்றார் சிராஜ்.

“நான் படுத்துகினா என் மீன நீயா விக்கப் போற?”

“விக்கிறேம்மா.”

அவள் கையை நீட்டிவிட்டாள்.

மறுநாள் அவளுக்கு நல்ல ஜுரம். மனிதர் விடுப்பு எடுத்துக்கொண்டு எர்ணாவூர் சந்தையில் அவள் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் கூவியது யாருக்கும் கேட்கவில்லை. “இன்னா டாக்டரே, இங்க குந்திகினுகீற?” என்று கேட்டவர்களிடமெல்லாம், “செல்விக்கு ஊசி ஜுரம், நாளைக்கு எழுந்துடுவா” என்றார்.

எழுந்தே வந்தாள். “என் மீன சீப்பா குட்த்து பேஜார் பண்ட்டான்யா!” என்று சந்தை முழுக்கத் திட்டித் தீர்த்தாள். அந்த வாரமே குப்பம் வரிசையில் நின்றது. “ஜுரம் வந்ததையும் பாத்தாங்க, போனதையும் பாத்தாங்க. அது போதும்” என்று சிரித்தார் சிராஜ்.

அவர் இறந்த பிறகு, போன வாரம் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி முகாம். “கை வலிக்கும், ஜுரமும் வரலாம்” என்றுதான் தாய்மார்களிடம் ஆரம்பித்தேன். அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இது. மகளோடு வந்திருந்த செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவளுக்கு ஜுரம்னா நான் வூட்ல இருக்கணும். மீன் விக்க நீ வருவியா?”

எனக்கு வஞ்சிரத்தையே அடையாளம் தெரியாது. “வரேன் செல்வி” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

“வா. ஆனா அவரு மாரி சீப்பா குட்த்துடாத.”