பிடி தொங்கினால் கிட்ட, தூக்கினால் எட்ட

என் அண்ணன் முழு விலை கொடுத்து ஒரு கத்திகூட வாங்கியதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சீனரின் பழைய இரும்புக் கடை இருந்தது. சம்பளச் சனிக்கிழமைகளில் அங்கே போய்க் குவியலைக் கிளறுவார். தேய்ந்து மெலிந்த இறைச்சிக் கத்தி, பிடி கழன்ற மேசைக் கத்தி, பல் மழுங்கிய அரம், இவைதான் அவர் தேடும் சரக்கு.

"இதை வச்சு ஒரு வெங்காயம் நறுக்க முடியுமா?" என்பார் அண்ணி.

"நறுக்குற கத்தி எனக்கு எதுக்கு?" என்பார் அண்ணன்.

அது சரிதான். எறிகிற கத்திக்கு விளிம்பில் கூர் கூடாது. முனை மட்டும் குத்தினால் போதும். அண்ணன் முதலில் மரப்பிடியைத் தட்டிக் கழற்றிவிடுவார். கட்டையில் மோதி மோதி அது எப்படியும் பிளந்துவிடும். பிறகு விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்குவார், கட்டையிலிருந்து பிடுங்கும்போது உள்ளங்கை அறுபடாமலிருக்க. முனையை ஊசியாக்கமாட்டார், ஊசி முனை மடங்கும். படகின் மூக்குபோல் அகலமாகவே விடுவார். அப்புறம் கத்தியை ஒரு விரலின் மேல் குறுக்கே வைத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தை அராவுவார். கடைசியாக, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிப் பிடி இருந்த தண்டில் இறுக்கிச் சுற்றினால் கத்தி தயார். எறிவதைவிட இந்த வேலையில்தான் அவருக்கு மோகம் என்று எனக்குத் தோன்றும்.

இலக்கு ஒரு கித்தா மரத்துண்டு, ரப்பர் மரம். கிள்ளான் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மரம் வெட்டியபோது அண்ணியின் தம்பி லோரியில் போட்டு அனுப்பியது. அதன் வெட்டுவாய் எங்களைப் பார்க்கும்படி ஒரு கள்ளிப்பெட்டியின் மேல் நிறுத்தி, கொல்லையில் வைத்திருந்தோம். மரம் காயாமலிருக்க அண்ணி பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன்மேல் ஊற்றுவார்.

எறிவதற்குப் பலம் வேண்டாம். சுத்தியலை ஓங்குவதுபோல் ஓங்க வேண்டும். மணிக்கட்டை மடக்கக் கூடாது. கை முன்னால் நீளும்போது விரல்களைத் தளர்த்தினால் கத்தி தானாகப் புறப்பட்டுப் போகும். போகிற வழியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். அந்தச் சுற்று முடிகிற இடத்தில் கட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டையில் குத்திய கத்தியின் பிடி கீழே தொங்கினால் நாம் கிட்டே நிற்கிறோம், ஓர் எட்டுப் பின்னால் போக வேண்டும். பிடி மேலே தூக்கியிருந்தால் எட்ட நிற்கிறோம், முன்னால் வர வேண்டும்.

"தொங்கினா கிட்ட, தூக்கினா எட்ட. கத்தியே சொல்லும் பாப்பா, நாம கேட்டா போதும்" என்பார் அண்ணன். அப்போது நான் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. ரயில்வே பட்டறையில் இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் பிட்டராக இருந்த அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தார். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கேட்ட பாடங்களில் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

அந்தக் கத்திகளில் ஒன்றுதான் அவருடைய இடது கண்ணைக் கொண்டுபோயிற்று.

அரத்தின் இரும்பு கண்ணாடி மாதிரி. கடினம் அதிகம், பொறுமை குறைவு. அதைக் கத்தியாக்குவதானால் முதலில் கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, தானாக ஆறும்வரை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் அது ஒடியாமல் வளையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு அந்தப் பொறுமை இல்லை. புதிதாக வாங்கிய அரத்தின் முனையை மட்டும் தேய்த்துவிட்டு எறிந்து பார்த்தார். அது படுக்கையாக மோதி ஒடிந்தது. ஒரு துண்டு திரும்பி வந்தது.

கண்ணை எடுத்துவிட்டார்கள். அண்ணன் வீடு திரும்புமுன் அண்ணி எல்லாக் கத்திகளையும் சாக்கில் சுற்றி எங்கோ போட்டுவிட்டார். நாங்கள் கேட்கவில்லை.

ஒரு கண் போனவருக்கு உலகம் பாதியாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அண்ணனுக்கு எல்லாம் தெரிந்தது, ஆனால் சுவரில் ஒட்டிய படம்போல் தட்டையாகத் தெரிந்தது. தேநீரைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றுவார். படி இல்லாத இடத்தில் காலைத் தூக்கி வைப்பார். யாராவது ஒரு பொருளை நீட்டினால் அவர் கை அதற்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும்.

பட்டறையில் அவரை வேலை மேசையிலிருந்து எடுத்து, இரும்புத் தூள் கூட்டவிட்டார்கள். அது கித்தாவும் ஈயமும் விலை விழுந்து கிடந்த காலம். வேலை இல்லாதவர்களைக் கப்பல் கப்பலாகக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுக்கே வந்து சொன்னார். கெட்ட மனிதரல்ல.

"துரை லீவுல சீமைக்குப் போயிருக்காரு. அவரு வர்ற வரைக்கும் நீ கூட்டிக்கிட்டு இரு, நான் பாத்துக்கறேன். வந்ததும் உன்னைக் கூப்பிட்டுப் பார்ப்பாரு. மேசையில நின்னு வேலை செய்ய முடிஞ்சா உன் இடம் உனக்கு. இல்லேன்னா குவாட்டர்ஸைக் காலி பண்ணிட்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான் லா. என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் போன பிறகு அண்ணி கேட்டார், "எந்த ஊருக்கு?" அண்ணி பிறந்ததே கிள்ளானில். கப்பலைத் துறைமுகத்தில் பார்த்ததோடு சரி. அண்ணனும் ஊரை விட்டு வந்தது சின்னப் பிள்ளையில். அங்கே எங்களுக்கென்று ஒரு கதவு இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மாலை, அண்ணன் சட்டையைக் கழற்றிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். சட்டை கீழே விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார். மறுபடி விழுந்தது. அதைத் தரையிலேயே விட்டுவிட்டு அவர் திரும்பியபோது, அண்ணி அடுப்பை விட்டு எழுந்து கொல்லைக்குப் போனார். கோழிக்கூட்டின் அடியில் கையை விட்டு அந்தச் சாக்கு மூட்டையை இழுத்து வந்து அவர் காலடியில் போட்டார்.

"எறிங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"நூலு புடிச்ச மாதிரி தூரம் பார்த்து நின்ன ஆளு நீங்க. அதை எங்க கத்துக்கிட்டீங்களோ அங்கேயே போய் மறுபடியும் கத்துக்குங்க."

அண்ணி சொன்ன நிபந்தனைகள் மூன்று. எல்லாக் கத்தியும் முதலில் தன் அடுப்பில் சிவந்து சாம்பலில் ஆற வேண்டும். ஆறியதும் ஒவ்வொன்றையும் வாசற்கல் இடுக்கில் செருகி அண்ணியே வளைத்துப் பார்ப்பார். எறியும்போது கொல்லையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. "சட்டுன்னு ஒடியிறது எதுவும் இந்த வீட்டுல வேணாம். உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். ரோட்டில் கல் உடைப்பவர்கள் போடும் கம்பிவலைக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து, மிச்சமிருந்த கண்ணுக்குக் காவலாக அதைப் போடாமல் கத்தியைத் தொடக் கூடாது என்றேன்.

முதலில் கத்திகள் கட்டையைத் தாண்டிப் போயின, அல்லது பிடியால் மோதித் தெறித்தன. அண்ணன் முன்னும் பின்னும் நகர்ந்து, கத்தி நேராகக் குத்தும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். சில வாரங்களில் எல்லாக் கத்தியும் குத்தி நின்றது. கட்டையில் கத்திகள் சீப்பு வாழைப்பழம்போல் நெருங்கி நிற்பதைப் பார்த்து அண்ணி அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

ஆனால் தேநீர் இன்னும் குவளைக்கு வெளியேதான் விழுந்தது. அது எனக்குப் புதிராக இருந்தது. சன்னலுக்குள் நின்று அண்ணனைக் கவனித்தேன். எறியுமுன் அவர் கட்டையைப் பார்க்கவில்லை, குனிந்து தன் காலைப் பார்த்தார். கட்டைவிரல் கோட்டைத் தொட்டதும் நிமிர்ந்து எறிந்தார். தூரத்தைக் கண் அளக்கவில்லை, சுண்ணாம்பு அளந்துகொண்டிருந்தது.

அண்ணியிடம் சொன்னேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கோட்டின்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். இருவரும் கட்டையைப் பெட்டியோடு இழுத்து வேறு இடத்தில் வைத்தோம்.

சாயங்காலம் அண்ணன் வந்து எறிந்தார். ஒன்றுகூடக் குத்தவில்லை. கத்திகள் வேலித் தகரத்தில் மோதுவது உள்ளே கேட்டது.

"யாரு கட்டையை நகர்த்துனது?" என்று கத்திக்கொண்டே வந்தார்.

"நான்தான்" என்றார் அண்ணி.

"பாப்பாவும் சேர்ந்துதானே? ரெண்டு பேருக்கும் வெளையாட்டா இருக்கா? இப்பத்தான் கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு."

"துரை முன்னால தரையில கோடு போட்டு வச்சிருப்பாங்களா அண்ணே?" என்றேன்.

அவர் கம்பிவலைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்படியில் போய் உட்கார்ந்தார். மறுநாளும் எறியவில்லை. பட்டறையிலிருந்து வந்ததும் அதே படியில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டபோது, திரும்பாமல் கேட்டார்.

"கோழிக்கு ஒரு கண்ணு இந்தப் பக்கம், ஒரு கண்ணு அந்தப் பக்கம். ரெண்டும் ஒண்ணைச் சேர்ந்து பாக்காது. அப்புறம் எப்படித் தவிட்டுல கிடக்குற ஒத்தை நொய்யைச் சரியாக் கொத்துது?"

"கோழிகிட்டயே கேளுங்க" என்றார் அண்ணி.

"கேட்டுட்டேன். கொத்துறதுக்கு முன்னால தலையை ஆட்டுது."

நான் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தலையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். கிட்டே இருந்த துணிக்கம்பம் வேகமாக நகர்ந்தது. எட்ட இருந்த வேலி நின்ற இடத்திலேயே நின்றது. கட்டை இரண்டுக்கும் நடுவில், நடுவாந்தரமாக நகர்ந்தது. எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அந்த நகர்ச்சி காட்டிக்கொடுத்தது. ஆஸ்பத்திரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவரும் தலையை அசைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கோடே போடவில்லை. தினமும் மத்தியானம் அண்ணி கட்டையை வேறோர் இடத்துக்கு இழுத்துப் போடுவார். அண்ணன் வந்து தலையை அசைத்துப் பார்ப்பார், தூரத்தை மனதில் முடிவு செய்வார், அதற்குத் தக்க இடத்தில் நிற்பார், எறிவார். முடிவு சரியா தப்பா என்று கத்தி உடனே சொல்லிவிடும். தொங்கினால் கிட்ட, தூக்கினால் எட்ட. தப்பென்றால் மறுபடி தலையசைப்பு. பிடிகள் முதலில் கண்டபடி தொங்கின, தூக்கின. பிறகு கொஞ்சமாகத் தொங்கின. பிறகு நேராக நின்றன.

இந்தத் தலையாட்டல் கொல்லையோடு நிற்கவில்லை. சட்டை மாட்டும்போதும், சைக்கிளில் ஏறும்போதும், சோற்றுத் தட்டை வாங்கும்போதும் ஆட்டினார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலாகக் கேட்டார்.

"என்னா தம்பி, பொண்டாட்டி எது சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுறியாமே?"

"அது ஆமான்னு ஆட்டும் அக்கா. இவரு இல்லைன்னுல்ல ஆட்டுறாரு" என்றார் அண்ணி.

நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஓர் எச்சரிக்கை இருந்தது அப்போது தெரியவில்லை.

துரை திரும்பி வந்துவிட்டார் என்று ஒரு நாள் ஆள் வந்து சொன்னது. மறுநாள் அண்ணன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். அண்ணி அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைப்பதும் அணைப்பதுமாக இருந்தார். எனக்கு இரவுப் பணி. மத்தியானம் தூங்க வேண்டியவள் தூங்கவில்லை. அந்தி சாயுமுன் அண்ணன் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பின்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"மண்டோர் ஒரு நட்டைக் கம்பியில கட்டி மேலேருந்து தொங்கவிட்டாரு. என் கையில ஒரு இரும்புக் குச்சியைக் குடுத்து, ஓட்டைக்குள்ள விடுன்னாரு. துரை பக்கத்துலயே நிக்கிறாரு. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டிப் பார்த்தேன்."

"அய்யய்யோ" என்றார் அண்ணி.

"மண்டோருக்கு முகமே செத்துப்போச்சு. 'ஏன்டா, எடுத்த எடுப்புலயே முடியாதுங்கிறே?'ன்னு காதுல சொல்றாரு. துரையும் அப்படித்தான் நெனச்சிருக்காரு. கையை விரிச்சிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டாரு."

"நீங்க வாயைத் தொறந்து சொல்லலையா?"

"எந்த இங்கிலீஷ்ல சொல்றது, கோழியைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு? குச்சியை விட்டேன். சத்தம்கூட வரல, நேரா உள்ள போயிடுச்சு. 'துரை, துரை'ன்னு கத்துனது மண்டோர்தான். அவரு திரும்பி வந்து பார்த்தாரு. நட்டைத் தானே புடிச்சுத் தள்ளி வச்சாரு. திரும்பவும் ஆட்டினேன், திரும்பவும் விட்டேன். இன்னொரு தடவை வச்சாரு. அப்புறம் அவரே ஒரு கண்ணை மூடிக்கிட்டு என்னை மாதிரி தலையை ஆட்டிப் பார்த்தாரு."

அண்ணன் அங்கே நிறுத்திவிட்டார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திங்கக்கிழமையிலேருந்து மேசைக்குப் போறேன். சாணைக்கல் பக்கம் மட்டும் போகக்கூடாதாம்."

அண்ணி உள்ளே போய்த் தேநீர் கலந்து எடுத்து வந்தார். அத்தனை மாதமும் அவர் குவளையை ஒரே இடத்தில் இரண்டு முறை வைத்ததில்லை. ஒரு நாள் படியில், ஒரு நாள் சன்னல் விளிம்பில், ஒரு நாள் கைக்கு எட்டியும் எட்டாமலும் பெட்டிமேல் வைத்துவிட்டு, அண்ணன் தேடி எடுப்பதை முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். கட்டையை நகர்த்தியதுபோல் இதையும் நகர்த்திக்கொண்டிருந்தார் என்பதை நான் அப்போதுதான் கோத்துப் பார்த்தேன்.

அன்றைக்கு அண்ணி குவளையை அண்ணன் முன்னால் நீட்டினார். அண்ணன் வழக்கம்போலத் தலையை இடமும் வலமும் அசைத்தார்.

"போதும், ஆட்டாதீங்க" என்று சொல்லி, அண்ணி அவர் கையைப் பிடித்துக் குவளையை அதில் வைத்தார்.