சஹனுக்கு ஒரு சுண்டு

பாலாவிப் பக்கம் வலீமா எனும் கல்யாண விருந்து வைக்கிறவர்கள் பெண் வீட்டாரிடம் நாள் கேட்பதற்கு முன்பே ஸுஹைராவிடம் கேட்டுவிடுவார்கள் என்று ஊரில் கேலி பேசுவதுண்டு. கேலியில் பாதி உண்மை. நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் முழுக்கோழி பொரித்து வைத்து, ஆறு பேர் வட்டமாக இருந்து ஒன்றாகக் கைவைக்கும் பெரிய தட்டான சஹன் என்றால் அவள் கைப்பக்குவம்தான். அவளுக்கு ஒரு பழக்கம். திரும்பி வரும் ஒவ்வொரு சஹனையும் பார்த்த பிறகுதான் கழுவவிடுவாள். கொஞ்சம் சோறு மிஞ்சியிருந்தால் முகம் மலரும். தன் சஹனிலிருந்து யாரும் அரை வயிற்றோடு எழும்பியதில்லை என்பது அவளுடைய பெருமை. சமையலை விட அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவாள்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அவளுடையது. முகாமில் முதலில் முண்டியடித்தவனுக்குத்தான் சோறு. ஒதுங்கி நின்ற சிறுமியான அவளுக்கு வெறும் பீங்கான். பிறகு யாரோ ஒருவர் வந்து, ஒரே அகப்பை, எல்லாருக்கும் ஒரே அளவு என்று ஒழுங்கு செய்தார். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் அதுதான் நீதி என்ற எண்ணம் அன்றிலிருந்து அவள் மனதில் ஊறிப் போயிற்று.

உப்பள முதலாளி ஹிஸ்புல்லா ஹாஜியார் தன் மகனின் வலீமாவுக்குச் சஹன் பேச வந்தது ஒரு டிசம்பர் மாலையில். கூடவே உப்பளக் கங்காணி முஹ்ஸினும் வந்திருந்தான். தொலைக்காட்சியில் ‘வற்’ வரியைப் பதினைந்திலிருந்து பதினெட்டாக்குவது பற்றியும், அதுவரை வரி இல்லாதிருந்த கேஸ், டீசல் எல்லாவற்றுக்கும் போடுவது பற்றியும் பாராளுமன்றத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“கூட்டத்தான் வேணும்,” என்றார் ஹாஜியார். “வருமானத்துல வரி எடுக்கப் போனா என்னைப் போல நாலு பேர்தான் மாட்டுவோம். சாமான்ல போட்டா எல்லாரும் குடுப்பாங்க. நாடு எல்லாருக்கும்தானே?”

“நீங்க வாங்குற கேஸுக்கும் நான் வாங்குற கேஸுக்கும் ஒரே வரி, ஹாஜியார்,” என்றான் முஹ்ஸின். “உங்களுக்கு அது தெரியவும் மாட்டாது. எங்கட வீட்டுல ஒரு நேரம் அடுப்பு எரியாது.”

ஹாஜியார் ஸுஹைரா பக்கம் திரும்பினார். “நீ சொல்லு மக.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி என்டா அதுல என்ன அநியாயம், முஹ்ஸின்?” என்றாள் அவள். முஹ்ஸின் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான். விலை பேசி முடிந்தது. இந்தத் தொழிலில் எழுத்து இல்லை, வாய் வார்த்தைதான்.

வரிக்காரர் எவரும் ஸுஹைராவின் குசினியை எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் ஜனவரியில் வரி வந்தது. கேஸ் சிலிண்டரோடு வந்தது, எண்ணெய்ப் போத்தலோடு வந்தது, லொறியில் ஏறி வந்த கோழியோடும் வந்தது.

“பேசின விலை கட்டாது. ஹாஜியாருட்ட ஒரு வார்த்தை சொல்லன்,” என்றார் அவள் கணவர் இஸ்ஹாக்.

“குடுத்த வாக்கை மாத்தச் சொல்றீங்களா?”

அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சஹனுக்கு ஒரு சுண்டு, பால்பேணி அளவு, அரிசி குறைவு. கோழியும் ஒரு பிடி சின்னது. ஒரு சஹனுக்குக் கூடவுமில்லை, இன்னொன்றுக்குக் குறையவுமில்லை. ஹாஜியாரின் சஹனுக்கும் அதேதான். யாருக்கும் வஞ்சகம் செய்யவில்லை என்று அன்று அவள் நிம்மதியாகவே அரிசி கழுவினாள்.

வலீமா அன்று பகல், பந்தலுக்குப் பின்னால் தறப்பாளைக் கட்டிய சமையல் இடத்தில் நின்றாள். முதலில் பெரியவர்களின் சஹன்கள் திரும்பி வந்தன. சீனி வியாதிக்காரர்கள், கோழியைப் பாதியோடு விட்டிருந்தார்கள், சோறும் மிஞ்சியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிறகு, விடியலிலிருந்து உப்பு வாரிவிட்டு நேரே வந்திருந்தவர்களின் சஹன்கள் வந்தன. கழுவவே தேவையில்லை. ஒரு பருக்கை இல்லை. எலும்பைக் கூட மென்றிருந்தார்கள்.

இஸ்ஹாக் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா என்டு கேக்குறாங்க.”

அண்டாவில் சோறு இல்லை. அளந்து போட்ட அரிசி, அளவாக முடிந்திருந்தது. சமையல்காரருக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு சஹனை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். அத்தனை பேருக்கு அது எம்மட்டு? சற்று நேரத்தில் தறப்பாளுக்கு வெளியே முஹ்ஸினின் குரல் கேட்டது.

“ராத்தா, வயிறு நிறைஞ்சிட்டு. ஒண்டும் நினைக்காதீங்க.”

பொய். நல்ல மனிதன் சொல்லும் பொய். அவன் சண்டை பிடித்திருந்தால் கூட அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஹாஜியார் சந்தோஷமாக வந்தார். “ஒரு குறையுமில்ல மக. எங்கட சஹன்ல மிஞ்சியே போச்சி!”

“குறைச்சிட்டேன், ஹாஜியார்,” என்றாள் ஸுஹைரா. “வரி கூடினதால எல்லாச் சஹன்லயும் ஒரு சுண்டு எடுத்தன். ஒரே அளவுதானே என்டு நினைச்சன். உங்கட சஹன்ல எடுத்தது மிச்சத்துல இருந்து போச்சி. அவங்கட சஹன்ல எடுத்தது வயித்துல இருந்து போச்சி. முஹ்ஸின் அன்டைக்கு இதத்தான் சொன்னவன். எனக்கு விளங்கல்ல.”

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். எழும்பும்போது, “வெள்ளிக்கிழமை உப்பளத்துக்குச் சஹன் அனுப்பு. காசு நான் தாரேன்,” என்றார்.

“பாதி நான் போடுவன். குறைச்சது நான்.”

வெள்ளிக்கிழமை அரிசி போடும்போது ஸுஹைரா சுண்டைக் கீழே வைத்துவிட்டாள். யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதை நினைத்து, கையால் அள்ளிப் போட்டாள். அஸர் தொழுகைக்குப் பிறகு இஸ்ஹாக் உப்பளத்திலிருந்து சஹன்களைக் கொண்டுவந்து இறக்கினார். மேலே இருந்த சஹனின் ஓரத்தில் ஒரு பிடி நெய்ச்சோறு மிஞ்சியிருந்தது. அவள் அதைக் கழுவக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.